பரவையும் பறவையும்

ஒரு விமானிக்கு உபயோகமே இல்லாத பொருட்கள் மூன்று. தலைக்கு மேலே இருக்கிற உயரம், தாண்டி வந்துவிட்ட ஓடுபாதை, எரிபொருள் லாரியிலேயே தங்கிவிட்ட பெட்ரோல்.

எல்லா நாட்டு விமானப் படைகளிலும் புழங்குகிற பழைய ஜோக் இது. முதல் தடவை கேட்டால் சிரிப்பு வரும். கொஞ்சம் யோசித்தால் அடிவயிற்றில் என்னவோ செய்யும். ஏதோ ஒரு விமானி தாழப் பறந்திருக்கிறான், இன்னொருவன் ஓடுபாதை முடிகிற இடத்தில் இறங்கியிருக்கிறான், மூன்றாமவன் டாங்க் நிரம்பாமல் கிளம்பியிருக்கிறான். மூன்று பேரும் திரும்பி வந்து இதைச் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. அவர்களுக்காக மற்றவர்கள் சொல்கிறார்கள்.

இதே ரகத்தில் இன்னும் இருக்கின்றன. 'மேலே கிளம்புவது உன் விருப்பம். கீழே இறங்குவது கட்டாயம்.' 'இறங்கியதும் நடந்து போக முடிந்தால் நல்ல லேண்டிங். அதே விமானத்தை மறுநாளும் ஓட்ட முடிந்தால் பிரமாதமான லேண்டிங்.' 'இரட்டை என்ஜின் விமானத்தில் ஒன்று நின்றுபோனால் கவலைப்படாதே. விபத்து நடக்கிற இடம்வரை இன்னொன்று கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.'

இழவு வீட்டுப் பந்தலில் ராத்திரி முழுக்கச் சீட்டாடிக்கொண்டே செத்தவரின் கஞ்சத்தனத்தைச் சொல்லிச் சிரிக்கிற மதுரைக்காரர்களுக்கு இந்த ஜோக்குகள் அந்நியமாகத் தெரியாது. ஒரே ஒரு வித்தியாசம். பந்தலில் சிரிப்பவர்கள் விடிந்ததும் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். விமானிகள் டீ குடித்துவிட்டு அதே மாதிரி விமானத்தில் ஏறுவார்கள்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் பரவையில் இருக்கிற ஏர்ஃபோர்ஸ் மாமா. தெருவுக்கே மாமா. எழுபதை நெருங்குகிறார். விமானி இல்லை, எழுபதுகளின் கடைசியில் விமானப் படையில் சேர்ந்து 20 வருஷம் என்ஜின் ஃபிட்டராக இருந்தவர். திண்டுக்கல் ரோட்டில் லாரிகள் போகிற இரைச்சலிலும், எங்கோ தூரத்தில் விமானச் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்தி அண்ணாந்து பார்ப்பார்.

பரவை என்றால் கடல். சாதாரண ரகரம். பலர் வல்லின றகரம் போட்டுப் 'பறவை' ஆக்கிவிடுவார்கள். எங்கள் ஊரின் புகழ்பெற்ற மகள் பரவை முனியம்மாவையே பத்திரிகைகள் பல தடவை பறவையாக்கிப் பறக்கவிட்டிருக்கின்றன.

"ஊர்ப் பேருக்கு அர்த்தம் கேட்டாய்ங்க. சமுத்திரம்னேன். பீச் இருக்கான்னு ஒருத்தன் கேட்டான். கண்மாய் இருக்கு, வைகை இருக்கு, ரெண்டுலயும் தண்ணிதான் இல்லன்னேன். அங்க தேனிப் பக்கத்துக்காரர் ஒருத்தர் சார்ஜென்ட்டா இருந்தாரு. அவர் என்னைப் 'பறவை'ன்னுதான் கூப்பிடுவாரு. சரிய்யா, ஏர்ஃபோர்ஸுக்கு அதுதான் பொருத்தம்னு நானும் விட்டுட்டேன்" என்பார்.

அந்த சார்ஜென்ட் மாற்றலாகிப் போனபின் அந்த முகாமில் மாமாவுக்குத் தமிழ் பேச ஆளில்லை. இது பின்னால் முக்கியமாகிறது.

விமானி ஜோக் அடிப்பதற்கு ஓர் எல்லைக்கோடு உண்டாம். ஏணி. "விமானத்துப் பக்கத்துல வர்ற வரைக்கும் பேச்சுத்தான், சிரிப்புத்தான். ஏணியில ஏறி உக்காந்து, நாங்க பெல்ட்டை இழுத்து மாட்டிட்டோம்னா மூஞ்சியே மாறிரும். சீட்டுல செருகியிருக்கிற பின்னையெல்லாம் உருவி, எண்ணிக் காட்டுவோம். அவரும் எண்ணிக்கிருவாரு. அப்ப ஒரு வார்த்தை இருக்காது."

அந்தச் சீட் ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறிவது. தரையில் தப்பித் தவறி வெடித்துவிடாமலிருக்க, சிவப்பு நாடா கட்டிய பின்கள் அதில் செருகியிருக்கும். ஒரு பின்னை எடுக்க மறந்தாலும் மேலே போய் இழுக்கும்போது சீட் நகராது. ஆகவே இரண்டு பேர் எண்ணுகிறார்கள்.

அதற்கும் முன்னால் ஒரு காரியம் உண்டு. 'ஃபார்ம் 700' என்று ஒரு பதிவேடு. விமானத்தின் ஜாதகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ஜினைப் பார்த்தவர், மின்சாரம் பார்த்தவர், ஆயுதம் பார்த்தவர் என ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியில் விமானி அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டு விமானத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வார். மாமா தன் வாழ்க்கையில் போட்ட கையெழுத்துகளில் பாதிக்கு மேல் அதில்தான்.

மாமா வேலை பார்த்தது மிக்-21. 1963-ல் இந்தியாவுக்கு வந்து, 2025 செப்டம்பர் 26-ம் தேதி சண்டிகரில் விடைபெற்ற விமானம். 62 வருஷ சர்வீஸ்! 1971 போரில் டாக்காவில் கவர்னர் மாளிகையைத் தாக்கியது இதுதான். 'பறக்கும் சவப்பெட்டி' என்று பெயர் வாங்கியதும் இதுதான். இந்தியா வாங்கிய 872 மிக் ரக விமானங்களில் 482 விபத்தில் போய்விட்டன, 171 விமானிகள் இறந்துவிட்டார்கள் என்று 2012-ல் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே.அந்தோணி நாடாளுமன்றத்தில் கணக்குச் சொன்னார்.

விமானத்தை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. மிக்-21 தரையிறங்கும் வேகமே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். நம் பையன்கள் அதைவிட மிக மெதுவான கிரண் விமானத்தில் பழகிவிட்டு நேரே இதற்கு வந்தார்கள். டி.வி.எஸ். 50-ல் கற்றுக்கொண்டவனை ரேஸ் பைக்கில் ஏற்றிவிட்ட மாதிரி. நடுவில் ஒரு நவீன ஜெட் பயிற்சி விமானம் தேவை என்று ஏர் மார்ஷல் லா ஃபோன்டெய்ன் கமிட்டி 1982-ல் சிபாரிசு செய்தது. ஒப்பந்தம் கையெழுத்தானது 2004-ல். 'ஹாக்' விமானம் படையில் சேர்ந்தது 2008-ல். அந்த 26 வருஷத்தில் எத்தனை பையன்கள் பயிற்சிக்கு வந்திருப்பார்கள்! 1982-ல் பிறந்த குழந்தையே வளர்ந்து, விமானியாகி, மிக்-21 ஓட்டியிருக்கலாம். இது விமானிகள் சொன்ன ஜோக் இல்லை. ஃபைல்கள் சொன்னது.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் காலை மாமா பெல்ட் மாட்டி அனுப்பிய விமானம் திரும்பவில்லை. கிளம்பிய ஓரிரு நிமிடத்தில் விழுந்துவிட்டது. இளம் விமானி. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாமா இன்றுவரை அந்தப் பையனின் பெயரை என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"புகையைப் பாத்தோம். கொஞ்ச நேரத்துலயே ஆபீஸர் ஒருத்தர் வந்து ஃபார்ம் 700-ஐ எடுத்து சீல் வச்சுட்டாரு. விபத்துன்னா அதான் முறை. அதுல என் கையெழுத்து இருக்குல்ல? ராத்திரியெல்லாம் அந்தக் கையெழுத்துத்தான் கண்ணு முன்னாடி நிக்குது. எந்த நட்டை விட்டேன், எந்தக் குழாயைப் பாக்கல... ஒவ்வொண்ணா மனசுக்குள்ளயே திரும்பத் திரும்ப முடுக்குறேன்."

இரண்டு நாள் கழித்து மறுபடி பறக்க ஆரம்பித்தார்கள். வந்த விமானி, இறந்தவனின் அறைத்தோழன். ஃபார்மில் கையெழுத்துப் போடும்போது மாமாவின் கை நடுங்கியிருக்கிறது. கோணல்மாணலாக ஒரு கிறுக்கல். விமானி அதை வாங்கிப் பார்த்தாராம். மாமாவின் முகத்தைப் பார்த்தாராம். அப்புறம் ஹிந்தியில் சொல்லியிருக்கிறார்.

"கார்ப்பரல், இது யார் கையெழுத்துன்னே தெரியலையே. நாளைக்கு நான் மேலே போய் கம்ப்ளெய்ன்ட் பண்ணணும்னா யார் பேரைச் சொல்றது? ஒழுங்கா எழுதிக் குடு."

மாமா அடித்துவிட்டு, முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவரும் தன் பெயரைப் பக்கத்தில் போட்டுவிட்டு ஏணியில் ஏறிவிட்டார்.

அந்த வாக்கியத்தில் மன்னிப்பு என்ற வார்த்தை இல்லை. 'உன்னைச் சந்தேகப்படவில்லை' என்ற வார்த்தையும் இல்லை. அப்படி நேராகச் சொல்லியிருந்தால் மாமா அங்கேயே உடைந்து அழுதிருப்பார். அதற்குப் பிறகு ஸ்பேனரைத் தொட்டிருக்க மாட்டார். சாவை ஒரு ஜோக்குக்குள் மடித்து வைத்து, 'நீ கையெழுத்துப் போட்ட விமானத்தில்தான் போகிறேன்' என்று சொல்லிவிட்டார் அந்த ஆள். அன்றைக்கு முதல் மாமாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பரவைத் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் இன்றைக்கும் அவரிடம்தான் வருவார்கள்.

சில மாதம் கழித்து விசாரணை முடிவு வந்தது. என்ஜினில் ஒரு கோளாறும் இல்லை. மிக்-21-க்கு மூக்கில்தான் காற்று உள்ளே போகிற வாய். ஒரே என்ஜின். அந்த வாய்க்குள் ஒரு பருந்து போய்விட்டது. உள்ளே சுழல்கிற தகடுகள் நொறுங்கி என்ஜின் நின்றுவிட்டது. அவ்வளவு தாழ்வில் யோசிப்பதற்கு நேரமில்லை.

"பறவை அடிச்சிருச்சு. எனக்கு உடனே என்ன தோணுச்சு தெரியுமா? பரவைக்காரன் சர்வீஸ் பண்ணின விமானத்தைப் பறவை அடிச்சிருச்சுன்னு. அந்த நேரத்துல எனக்குச் சிரிப்பு வந்துருச்சுய்யா. சிரிப்பா அழுகையான்னு சொல்லத் தெரியல. ஆனா அதைச் சொல்லிச் சிரிக்க அங்க தமிழ் தெரிஞ்ச ஆள் ஒருத்தன் இல்ல. ஹிந்தியில சொன்னா ஜோக்கு செத்துப்போகும்ல? ஊருக்கு வந்து சொல்லலாம்னா, கேக்குறவங்களுக்கு அந்தப் பையன் யாருன்னு தெரியாது. அப்படியே உள்ளயே கெடந்துச்சு."

என்னிடம்தான் முதலில் சொன்னாராம், முப்பது சொச்சம் வருஷம் கழித்து. நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாமோ என்று அப்புறம் தோன்றியது. துக்கத்தைப் பகிர ஆயிரம் பேர் கிடைப்பார்கள். கருப்பு ஜோக்கைப் பகிர அதே இடத்தில், அதே நேரத்தில் உடன் நின்றவன் வேண்டும். அதனால்தான் இந்த ஜோக்குகள் விமானிகளின் மெஸ்ஸை விட்டு வெளியே வந்தால் குரூரமாகத் தெரிகின்றன.

2025 நவம்பர் 21-ம் தேதி துபாய் விமானக் கண்காட்சியில் நம் தேஜஸ் விமானம் விழுந்தது. சூலூரிலிருந்து போன விங் கமாண்டர் நமன்ஷ் சியால் இறந்தார். டி.வி.யில் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மாமா ரிமோட்டை எடுத்து அணைத்துவிட்டு ஒன்றுதான் கேட்டார். "ஏணியைப் பிடிச்சவன் எவனோ?"

ஜோக்கிலேயே தங்கிவிடாமல் அதை அறிவாக மாற்றியவர்களும் உண்டு. இங்கிலாந்தில் ஜேம்ஸ் மார்ட்டின், வாலன்டைன் பேக்கர் என்று இரண்டு நண்பர்கள் சேர்ந்து விமானம் கட்டினார்கள். 1942-ல் அவர்களுடைய விமானத்தைச் சோதனை ஓட்டம் பார்த்தபோது பேக்கர் விழுந்து இறந்தார். மார்ட்டினின் கவனம் அதற்குப் பிறகு விமானியைக் காப்பாற்றுவதில் திரும்பியது. வெளியே தூக்கி எறிகிற சீட்டை அவர் கம்பெனி தயாரித்தது. இதுவரை 7,000 பேருக்கு மேல் அதில் உயிர் பிழைத்திருக்கிறார்கள். நம் தேஜஸில் இருப்பதும் 'மார்ட்டின் பேக்கர்' சீட்தான். செத்துப்போன நண்பனின் பெயர் இன்னும் சீட்டில் இருக்கிறது.

பிழைத்தவர்களுக்கு அந்தக் கம்பெனி ஒரு 'டை' பரிசளிக்கிறது. 1957-லிருந்து அதற்கு ஒரு கிளப்பே உண்டு. காசு கொடுத்துச் சேர முடியாது. சீட்டைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். எறிகிற வேகத்தில் முதுகெலும்பு அமுங்கிச் சிலர் கொஞ்சம் குள்ளமாகிவிடுவதும் உண்டு. டையின் நீளம் சரியாகிவிடும் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நம் ஆட்களின் கதை ஒன்று சொல்கிறேன். 1971 போரில் பாகிஸ்தானிடம் சிக்கிய இந்திய விமானிகளை ராவல்பிண்டி முகாமில் வைத்திருந்தார்கள். திலீப் பருல்கர், எம்.எஸ்.கிரேவால், ஹரீஷ் சின்ஜி என்ற மூன்று பேர், 1972 ஆகஸ்டில் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து தப்பினார்கள். பெஷாவர் போய், பஸ் பிடித்து, ஆப்கன் எல்லைக்குப் பக்கத்தில் லண்டி கோட்டல் வரை வந்துவிட்டார்கள். எல்லை சில மைல்தான். அங்கே 'லண்டி கானா ஸ்டேஷனுக்கு எப்படிப் போவது?' என்று விசாரித்தார்கள். சந்தேகம் வந்து பிடித்துவிட்டார்கள். காரணம்? அந்த ஸ்டேஷனுக்கு ரயில் நின்று 40 வருஷமாகிவிட்டது. 1932-லேயே மூடிவிட்டார்கள்!

சுவரை உடைத்தவர்களை, காவலை ஏமாற்றியவர்களை, ஒரு பழைய வரைபடம் காட்டிக்கொடுத்துவிட்டது. அந்த வருஷம் டிசம்பரில் எல்லாக் கைதிகளோடும் சேர்ந்து ஊர் திரும்பினார்கள். அப்புறம் இந்தக் கதையைத் தங்களையே கேலி செய்துகொண்டு சொன்னார்கள். வீரம் பேசியிருந்தால் கேட்பவன் கைதட்டிவிட்டுப் போயிருப்பான். கேலியாகச் சொன்னதால், கையிலிருக்கிற வரைபடம் எந்த வருஷத்தது என்று பார்க்கக் கற்றுக்கொள்வான்.

நம் தமிழ்ப் பையன் அபிநந்தன் வர்த்தமானை மறந்திருக்க மாட்டீர்கள். 2019 பிப்ரவரி 27. மிக்-21-லிருந்து குதித்து, அடிபட்டு, பாகிஸ்தான் ராணுவத்தின் பிடியில் இருக்கிறார். கேமரா ஓடுகிறது. கையில் டீ. டீ நன்றாக இருக்கிறது என்று பாராட்டுகிறார். முக்கியமான கேள்வி வந்தால், அதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை என்று மரியாதையாக மறுக்கிறார். அந்த டீயை வைத்து இரண்டு நாட்டிலும் மீம்ஸ் போட்டுத் தள்ளினார்கள். இங்கே அந்த மீசையை வைத்துக்கொள்ள சலூன்களில் இளைஞர்கள் கூடினார்கள். மீசை சுலபம். முகத்தில் ரத்தம் காயாதபோது டீயைப் பற்றிப் பேசுவதற்கு, பயத்தோடு பழகியிருக்க வேண்டும்.

சிரிப்பு வாயை மூடிக்கொள்கிற இடமும் உண்டு. 2021 டிசம்பர் 8-ம் தேதி சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய ஹெலிகாப்டர் குன்னூருக்குப் பக்கத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் அதில் இருந்தார். 14 பேரில் 13 பேர் அன்றே இறந்தார்கள். பள்ளத்தாக்கில் திடீரென்று வானிலை மாறி, மேகத்துக்குள் நுழைந்து, விமானிக்குத் திசை உணர்வு தப்பியதே காரணம் என்றது விசாரணை.

இதைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். நமக்கு மேல் எது, கீழ் எது என்று சொல்வது கண்ணும் உள்காதும். மேகத்துக்குள் கண்ணுக்கு வேலையில்லை. காதுக்குள் இருக்கிற திரவம் பொய் சொல்ல ஆரம்பிக்கும். சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும்போது 'நேராகப் போகிறாய்' என்று சத்தியம் செய்யும். எத்தனை ஆயிரம் மணி நேரம் பறந்தவரானாலும் காது காதுதான். ஆகவே பயிற்சியில் முதலிலேயே மண்டையில் அடித்துச் சொல்லித் தருகிறார்கள்: உன் உடம்பு சொல்வதை நம்பாதே, எதிரே இருக்கிற முள்ளை நம்பு. முடியாது என்று தோன்றினால் திரும்பி வா. திரும்பி வருவதில் அவமானமில்லை.

விமானிகள் வேடிக்கையாகச் சொல்வார்கள்: 'வயசான விமானிகள் உண்டு, துணிச்சலான விமானிகள் உண்டு; வயசான, துணிச்சலான விமானி கிடையாது.' தன்னைச் சந்தேகப்படத் தெரிந்தவன்தான் பேரனைத் தூக்குவான் என்பது இதன் பொழிப்புரை.

அந்தப் பதினான்காவது ஆள், குரூப் கேப்டன் வருண் சிங். அதற்கு முந்தைய வருஷம், 2020 அக்டோபர் 12-ம் தேதி, தனியாக தேஜஸ் ஓட்டிக்கொண்டிருந்தபோது மிக உயரத்தில் காக்பிட்டின் காற்றழுத்தம் போய்விட்டது. இறக்கப் பார்த்தால் கட்டுப்பாடும் போய்விட்டது. விமானம் மூக்கை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு விழுகிறது. மீட்டார். 10 ஆயிரம் அடி வாக்கில் மறுபடி கை மீறியது. மறுபடி மீட்டார். சீட்டை இழுத்து வெளியேற அவருக்கு முழு உரிமை இருந்தது. இழுக்காமல் பத்திரமாக இறக்கினார். செளர்ய சக்ரா கொடுத்தார்கள்.

விருது வாங்கிய கையோடு அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, தான் படித்த பள்ளியின் முதல்வருக்கு ஒரு கடிதம். 2021 செப்டம்பரில், விபத்துக்கு மூன்று மாதம் முன்பு. பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டச் சொல்லி எழுதியது. தன் சாகசத்தைப் பற்றி எழுதியிருக்கலாம். அவர் எழுதியது வேறு. நான் படிப்பில் சுமார், விளையாட்டிலும் சுமார், எனக்குத் தன்னம்பிக்கை இருந்ததில்லை. சுமாராக இருப்பது தப்பில்லை. எல்லோராலும் 90 மார்க் வாங்க முடியாது. ஆனால் பிடித்த வேலை எதுவோ அதைக் கண்டுபிடித்து முழு மனசோடு செய்யுங்கள், இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாமே என்ற நினைப்போடு தூங்கப் போகாதீர்கள் என்கிற மாதிரி.

குன்னூரில் எரிந்த ஹெலிகாப்டரிலிருந்து, நஞ்சப்பசத்திரத்துச் சனங்கள் போர்வையும் தண்ணீருமாக ஓடி வந்த அந்த இடத்திலிருந்து, உயிரோடு கொண்டு போகப்பட்டவர் அவர். ஒரு வாரம் போராடி டிசம்பர் 15-ம் தேதி பெங்களூரில் இறந்தார்.

மாமாவுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துச் சொன்னேன். கேட்டுவிட்டு, "நல்ல விமானிக எல்லாம் இப்படித்தான்யா பேசுவாய்ங்க. 'எனக்குத் தெரியாது, நீ பாத்துச் சொல்லு'ம்பாய்ங்க. எல்லாம் தெரியும்னு வர்றவனுக்குப் பெல்ட் மாட்டும்போதுதான் நமக்குக் கை நடுங்கும்" என்றார்.

ஒவ்வொரு மே மாதமும் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் மதுரையில் தெருவுக்குத் தெரு பள்ளிக்கூடங்கள் ஃபிளெக்ஸ் பேனர் வைக்கின்றன. முதல் மார்க், இரண்டாம் மார்க், போட்டோ, வாழ்த்து. 70 வாங்கிய பிள்ளைகளும் அதே பேனரைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போகிறார்கள். அதற்குப் பக்கத்தில் வருண் சிங்கின் கடிதத்தையும் யாராவது ஒரு பேனராக வைத்தால் நன்றாக இருக்கும். இங்கிலீஷில் இருக்கிறது. தமிழில் எழுதிக் கொடுக்கப் பரவையில் ஆள் இருக்கிறது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.